அறிந்தபின் இட்ட சோறு

கோலாலம்பூரில் சித்தப்பிரமை கொண்டோரை வைத்துப் பேணும் சர்க்கார் விடுதி ஒன்று முன்னாளில் இருந்தது. 1905-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ந் தேதி, அவ்விடுதியிலிருந்தோர் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வாய்த்தோர் முற்றத்தின் கிழக்குப் பக்கத்து வீட்டிற்கும், இரட்டைப்படை எண் வாய்த்தோர் மேற்குப் பக்கத்து வீட்டிற்கும் அனுப்பப்பட்டனர். கிழக்கு வீட்டாருக்கு, அதுகாறும் வழங்கிவந்த சியாம் பச்சரிசிச் சோறே தொடர்ந்து கிடைத்தது. மேற்கு வீட்டாருக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு இடப்பட்டது. மற்ற உணவெல்லாம் இரு வீட்டாருக்கும் ஒன்றே.

ஓராண்டு கழிந்தது. இடையில் புதிதாக வந்து சேர்ந்தோரையும் கூட்டிக் கிழக்கு வீட்டுக் கணக்கில் 120 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெரிபெரி நோய் கண்டனர். 18 பேர் மாண்டனர். மேற்கு வீட்டுக் கணக்கில் 123 பேர்; நோயுற்றோர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்குள் வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள். ஒருவரும் இறக்கவில்லை.

இப்பரிசோதனையை நடத்தியவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். இதன் முடிவை 1907-ல் இலண்டன் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் அவர் வெளியிட்டார். உலகிற்கு இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஐயமற நாட்டிய முயற்சிகளுள் இதற்குத் தனியிடம் உண்டு. ஆயினும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரின் உயிரை எடுத்துக்கொள்ள யாருக்கு உரிமை இருந்தது?

இக்கேள்வி நமக்கெதற்கு என்று நேயர்கள் எண்ணவேண்டா. இந்தக் கதையின் தொடக்கத்திலே நிற்பவர்கள் நம் முன்னோர்களே. நெகிரி செம்பிலானில் சர்க்கார் வைத்தியராக இருந்த பிராடன் துரை ஒரு வேற்றுமையைக் கண்டார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் இந்நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். கால் மரத்து, நடை தளர்ந்து, சிலருக்கு உடல் வீங்கி, இறுதியில் இதயம் சோர்ந்து விழுவார்கள். தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலே குத்திச் சமைத்த மலாய்க் குடியானவர்களுக்கு இது அரிதாகவே வந்தது. தோட்டத்திலும் ரெயில் பாதையிலும் உழைத்த தமிழ்க் கூலிகளுக்கோ அனேகமாக வரவேயில்லை. அத்தமிழர்கள் செல்வத்தில் சிறந்தவர்களா? நல்ல வீட்டில் வாழ்ந்தவர்களா? இல்லை. ஒழுகும் லயங்களில் நெருக்குண்டு கிடந்தவர்களே. ஆனால் அவர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டை ஒட்டியுள்ள சத்து அரிசியின் உட்புறத்தில் இறங்கிவிடுகிறது. பிறகு எந்திரத்தில் தீட்டினாலும் முற்றும் போய்விடுவதில்லை. பிராடன் துரைக்கு இது தெரியாது. பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்றே அவர் கருதினார். காரணத்தில் தவறினார்; கண்ட உண்மையில் தவறவில்லை. இன்று அச்சத்தினைத் தயாமின் என்றும், வைட்டமின் பி-1 என்றும் அழைக்கிறார்கள். (புழுங்கலரிசியை ஏழை அரிசி என்று இகழ்ந்து, நாலு காசு கண்டவுடன் வெள்ளை வெளேரென்ற அரிசிக்குத் தாவிய நம் பட்டணத்துப் பெரிய மனிதர்களை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.)

பிளெட்சருக்கு முன்னரே இவ்வுண்மையைச் சொன்ன சாட்சிகள் இருந்தன. அவை கோழிகள். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பட்டேவியா நகரத்தில் எய்க்மான் என்னும் டச்சு வைத்தியர் தம் ஆராய்ச்சிக்கென வளர்த்த கோழிகள் கால் தள்ளாடி விழலாயின. சில காலத்திற்குப் பின் அவை தாமாகவே தேறின. விசாரித்தபோது, இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றிற்குப் போட்டுவந்தார்கள் என்பதும், புதிதாக வந்த சமையற்காரன் இராணுவத்து அரிசியை ஊர்க்கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டதால் பழையபடி தவிடு நீங்காத அரிசிக்கு மாறினார்கள் என்பதும் தெரிந்தன. அந்தச் சமையற்காரனின் சிக்கனம் மருத்துவத்திற்குச் செய்த உதவி பெரிது! எய்க்மானுக்கு 1929-ல் நோபெல் பரிசு கிடைத்தது. சமையற்காரனின் பெயர் யாருக்குத் தெரியும்?

கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா என்று அறிய, அவருடைய நண்பர் வோர்டெர்மான் ஒரு வழி கண்டார். ஜாவாவிலும் அதனை அடுத்தும் இருந்த 101 சிறைச்சாலைகளில் என்ன அரிசி சமைக்கப்படுகிறது, நோய் உண்டா இல்லையா என்று விசாரித்தார். தவிடு நீங்காத அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே பெரிபெரி காணப்பட்டது. தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளிலோ 36-ல் அது இருந்தது. இந்த முடிவு 1897-ல் வெளிவந்தது. இங்கே நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். வோர்டெர்மான் ஒரு கைதியின் கவளத்தையும் மாற்றவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை எண்ணினார்; அவ்வளவே. ஒருவரையும் புதிதாகத் துன்புறுத்தாமல் அறியத்தக்கதை அறிய வழியுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிறகு ஏன் கோலாலம்பூரில் அந்த வரிசை நிறுத்தப்பட்டது? பிளெட்சரின் பக்கத்து நியாயத்தையும் கூறுவதே நேர்மை. சிறைக்குச் சிறை மண் வேறு, காற்று வேறு, கட்டடம் வேறு, நெருக்கம் வேறு. நோய் அரிசியினாலா இடத்தினாலா என்று எவ்வாறு துணிவது? அக்காலத்து வைத்தியருள் பலர், இது இடத்தில் ஒட்டிக்கொண்டு பரவும் தொற்று என்றே நம்பினர். ஒரே முற்றத்தில், ஒரே காற்றில், அரிசி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் வழக்கு முடியும். ஆண்டின் நடுவில் இரு வகுப்பாரையும் வீடு மாற்றிக் குடியேற்றியும் பார்த்தார். நோய் வீட்டோடு நிற்கவில்லை, அரிசியோடு போயிற்று. விஞ்ஞான முறை என்னும் அளவில் இது செம்மையான வேலை என்பதில் ஐயமில்லை.

அவருக்காக வாதாடுவோர் இன்னும் வலுவான நியாயம் ஒன்று சொல்லக்கூடும். கிழக்கு வீட்டாருக்கு அவர் எந்தத் தீங்கும் புதிதாகச் செய்யவில்லையே! அவர்கள் அதற்கு முன்பும் அந்தச் சியாம் அரிசியைத்தான் உண்டனர். பரிசோதனையே நடவாதிருந்தால் மேற்கு வீட்டாரும் அதையே உண்டு, அவர்களிலும் பலர் மாண்டிருப்பர். ஆகவே பாதிப்பேர் காப்பாற்றப்பட்டனர். மற்றப் பாதிப்பேர் இருந்தபடியே விடப்பட்டனர். இதில் குற்றமெங்கே?

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. யான் இதனைப் பலநாள் மனத்திற் போட்டுப் புரட்டியதுண்டு. முதல் நாளைப் பொறுத்தவரை இது சரியே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் 5-ந் தேதி எந்தச் சோறு நல்லதென்று பிளெட்சர் உறுதியாக அறியார். அறியாதவன் இரண்டு இலைகளிலும் பரிமாறலாம்.

ஆனால் அறியாமை ஆண்டு முழுதும் அப்படியே இருப்பதில்லை. பதினெட்டுச் சாவும் ஒரே வீட்டாரிடத்தில் நிகழ்ந்தன. முதற் சாவு தற்செயலாகலாம். மூன்றாவதும் ஆகலாம். எட்டாவது பிணத்தைத் தூக்கும்போதும், பத்தாவதைத் தூக்கும்போதும், அடுத்த வீட்டில் ஒருவரும் சாகவில்லையே என்ற நினைவு அந்த வைத்தியரின் நெஞ்சில் வந்திராதா? எந்த நாளில் ஐயம் தெளிந்தது என்று நாம் வரையறுத்துச் சொல்ல இயலாது. ஏதோ ஒரு நாள் தெளிந்தே இருக்கவேண்டும். அந்த நாளுக்கு மறுநாள் காலையில் கிழக்கு வீட்டு இலைகளில் விழுந்த சோறு, முதல் நாள் விழுந்த அதே சோறுதானா? அரிசி அதுவே, பானை அதுவே, அகப்பையும் அதுவே. இட்ட கை மாறிவிட்டது. முன்பு அது வழக்கம். இப்போது அது தீர்மானம். கிழக்கு வீட்டார் இருந்தபடியே விடப்பட்டனர் என்ற வாதம் அன்றோடு செத்துப்போயிற்று. அறிந்தவன் ஒருவனையும் இருந்தபடியே விட முடியாது. விட்டால் அது அவன் செய்த செயலாகிவிடுகிறது.

நிற்க. முடிவு மறுக்கமுடியாததாக இருந்தால்தானே சர்க்கார் கேட்கும், அரிசியை மாற்றும், ஆயிரக்கணக்கானோர் பிழைப்பர். பாதியில் நிறுத்தினால் கேட்பார் யார் என்பர் சிலர். பலருடைய நன்மைக்காகச் சிலருடைய உயிர் என்னும் இந்தக் கணக்கு பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. அதை எழுதுகிறவர் எவரும் அந்தச் ‘சில’ருள் தம்மைச் சேர்த்து எழுதியதாக யான் கண்டதில்லை. அன்று கோலாலம்பூரில் இருந்த துரைமார் சங்கத்தின் உறுப்பினர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டு மேசைகளில் உட்காரவைத்திருப்பார்களா? ஒற்றைப்படை மேசையில் நாலாவது துரை விழுந்ததும் பரிசோதனை நின்றிருக்கும்! பைத்தியம் என்று பெயர் சூட்டப்பட்டவன் ஏன் என்று கேட்கமாட்டான். கேட்டாலும் அது பைத்தியக்காரப் பேச்சாகவே கொள்ளப்படும். அதுவே அவனை அந்த வரிசையில் நிறுத்தியது.

பிளெட்சருக்கு அடுத்து, 1907 முதல் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலெபு காட்டில் சாலை வெட்டிய 300 ஜாவாக் கூலிகளிடையே இதே ஆராய்ச்சியைச் செய்தனர். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றப் பிரிவுக்குப் புழுங்கலரிசி. பச்சரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியதும் அவர்களுக்குப் புழுங்கலரிசி கொடுத்தனர், நோய் தணிந்தது. சாவைக் காத்திராமல் நோய் கண்டவுடன் சோற்றை மாற்றினார்களே என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்து, நலமாயிருந்த மற்றப் பிரிவாருக்குப் பச்சரிசியை இட்டனர். அவர்களிலும் நோய் கண்டது. இம்முறை அறியாமை என்று சொல்லவும் இடமில்லை. ஒப்பந்தத்தில் கட்டுண்டு, ஊரை விட்டு நெடுந்தொலைவில், காட்டின் நடுவே கிடக்கும் கூலி, ‘இந்தச் சோறு வேண்டாம் துரை’ என்று சொல்லக்கூடிய நிலையிலா இருந்தான்? கங்காணிக்கும் தண்டலுக்கும் முன்னால் வாய்திறவாது நின்ற பாட்டன்மாரின் பேரர்களாகிய நமக்கு இதற்கு விடை சொல்ல ஏடு புரட்ட வேண்டியதில்லை.

அதன் பிறகு அவ்விருவரும் கோழிகளிடம் திரும்பினர். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் விழுந்தன. அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது நலமாயிருந்தன. நஞ்சன்று, குறைபாடே நோயின் காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. வரிசையைப் பாருங்கள்! முதலில் கோழி, பிறகு பைத்தியம், பிறகு கூலி, மறுபடியும் கோழி. ஆராய்ச்சி நடந்த இந்தப் பாதையில், மறுத்துச் சொல்லும் ஆற்றல் உடையவர் ஒருவரும் நிற்கவில்லை.

கோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாமற் போவது நியாயமன்று. ஞாயிறுதோறும் கோழிக்கறி உண்டு, ஆராய்ச்சிக் கூடத்துக் கோழிக்காகக் கண்ணீர் வடிப்போரின் கருணையில் எனக்கு நம்பிக்கை குறைவு. முனியாண்டி சந்நிதியில் கிடாவை வெட்டிவிட்டு, விஞ்ஞானிகள் இரக்கமற்றவர் என்று பேசுவோரை என்னென்பது! அந்தக் கிடாவின் சாவால் எந்தக் குழந்தையின் காய்ச்சலும் தணிந்ததில்லை. எய்க்மானின் கோழிகளால் எண்ணிறந்தோர் நடந்தனர். ஆகவே பிராணிகள் மீது ஆராய்ச்சியே கூடாதென்று சொல்ல என் நா எழவில்லை. ஆனால் பயன் உண்டு என்பதனாலே எதுவும் செய்யலாம் என்றும் ஆகாது. வலியை அறியும் உயிர் அது. சம்மதம் என்ற சொல்லே அதற்கில்லை. 1876-ல் இங்கிலாந்து, உயிருள்ள பிராணிகளை ஆராய்ச்சிக்காக அறுப்பதற்கு உரிமச்சீட்டு வேண்டும், பொதுவாக மயக்கமருந்து கொடுக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு விஞ்ஞானிகள், உயிர்ப் பிராணியின்றி முடியுமானால் அவ்வாறே செய்க, முடியாதெனின் எண்ணிக்கையைக் குறைக்க, அதிலும் வலியைத் தணிக்க என்னும் மூன்று கட்டளைகளை வகுத்தனர். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்கள் இவற்றையே நெறியாகக் கூறுகின்றன. நேயர்கள் கவனிக்க வேண்டுவது யாதெனின், நாய்க்கும் முயலுக்கும் இங்கிலாந்தில் சட்டம் வந்து ஏறத்தாழ முப்பதாண்டு சென்ற பின்னரே, அந்நாட்டவர் ஆண்ட கோலாலம்பூரில் அந்த எண்ணிக்கை நடந்தது. நாயை அறுக்கச் சீட்டு வேண்டியிருந்தது. மனிதனை எண்ணிப் பிரிக்கச் சீட்டு வேண்டியிருக்கவில்லை.

மனிதருக்கான நெறி உலகிற்கு உறைத்தது 1947-ல். நாஜிகளின் சிறைமுகாம்களில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்தியும், நோய்க்கிருமிகளை ஏற்றியும் கொன்ற வைத்தியர்களை நியூரம்பெர்க்கில் விசாரித்த நீதிபதிகள், பத்து விதிகளைத் தீர்ப்பிலே பொறித்தனர். பரிசோதனைக்கு உட்படுவோன் தன்னிச்சையாகத் தரும் சம்மதம் இன்றியமையாதது என்பது முதல் விதி. ஊறோ சாவோ நேரும் என்று தோன்றினால் நடத்துவோன் நிறுத்திவிடக் கடமைப்பட்டவன் என்பது கடைசி விதி. முதல் விதியைப் பலரும் மேற்கோளாக எடுப்பர். கடைசி விதியைப் பேசுவோர் சிலரே. கிழக்கு வீட்டைக் காத்திருக்கக்கூடியது அக்கடைசி விதிதான். சித்தம் கலங்கியவனிடம் சம்மதம் எவ்வாறு பெறுவது என்று நாம் தயங்கலாம். நிறுத்துவதற்கோ எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. நடத்துவோனின் மனச்சான்று ஒன்றே போதும்.

எழுதிய விதி மட்டும் காக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். மனிதர்மீது செய்யும் பரிசோதனைகளுக்கு வரம்பு விதித்து ஜெர்மனி 1931-லேயே வழிமுறைகளை வெளியிட்டிருந்தது. அந்த நாட்டிலேதான் அக்கொடுமைகள் நிகழ்ந்தன. நீதிபதிகளை அனுப்பிய அமெரிக்காவின் யோக்கியதையும் கேளுங்கள். அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், மேகநோய் கொண்ட 399 ஏழைக் கறுப்பு மக்களை, நோய் தானாக எங்கே போய் முடிகிறதென்று பார்ப்பதற்காகச் சர்க்கார் சுகாதார இலாகாவினர் 1932 முதல் கவனித்து வந்தனர். 1940-களில் பெனிசிலின் வந்தது. அது நோயைத் தீர்க்கும் என்பது நாடறிந்த செய்தியாயிற்று. அதன் பின்னும் அவர்களுக்கு அதைக் கொடாமல், 1972-ல் பத்திரிகைகள் வெளியிடும்வரை கணக்கெழுதிக்கொண்டே இருந்தனர். இதுவும் அறிந்தபின் இட்ட சோறே. இங்கே இலை நாற்பதாண்டு விரித்தபடி கிடந்தது.

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மனிதரை வைத்து வைத்திய ஆராய்ச்சி செய்வதாயின், முன்னதாக நெறிக்குழு அனுமதிக்க வேண்டும்; நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும். சிங்கப்பூர் இதற்கெனவே 2015-ல் சட்டம் இயற்றியது. நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தக் காகிதம் நம் போன்றோர் கைக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பதை யான் நேரிற் கண்டதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

என் மூத்த சகோதரியார் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். மலாய் பேசுவார்; நீண்ட பத்திரங்களைப் படித்து விளங்கிக்கொள்ள மாட்டார். நீரிழிவுக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றிற்கு மாதந்தோறும் செல்வார். துணைக்கு யானும் செல்வேன். ஒருநாள் இளம் பெண் டாக்டர் ஒருவர், பத்துப் பக்கத்திற்குக் குறையாத காகிதத்தைக் கொடுத்து, ஆராய்ச்சிக்காக அவருடைய இரத்தம் வேண்டுமென்றார். அக்கா உடனே பேனாவை எடுத்து, “எங்கே தம்பி போடணும்?” என்று என்னைக் கேட்டார். படித்தீர்களா என்றேன். “டாக்டரம்மா கேக்குறாங்க, மாட்டேன்னு சொன்னா மருந்து குடுக்கலைன்னா என்ன பண்றது?” என்றார், தாழ்ந்த குரலில்.

அதை யான் மலாயில் எடுத்துச் சொன்னேன். டாக்டரின் முகம் வாடிவிட்டது. அவர் நல்லவர். மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, மறுத்தால் ஒன்றும் நேராது என்று சொல்லி, தமிழறிந்த தாதி ஒருவரை அழைத்துவந்து, பக்கம் பக்கமாக விளக்கச் செய்தார். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வரிசையில் காத்திருந்தோர் முணுமுணுத்தனர். எல்லாம் கேட்ட பின் அக்கா தாதியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “என் ரத்தத்தில ஏதாவது கெட்டதைப் பாத்தீங்கன்னா, அதை எனக்குச் சொல்லுவீங்களாம்மா? இல்லை, உங்க புத்தகத்துல எழுதிக்கிட்டுச் சும்மா இருப்பீங்களா?”

தாதி அதை மொழிபெயர்த்தார். டாக்டர் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். அதில் அதற்கு நேரான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. மேலே கேட்டுச் சொல்வதாகக் கூறினார். அக்கா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதம் சென்றபோது, கண்டால் கட்டாயம் தெரிவிப்போம் என்று தனியே ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு வைத்திருந்தார் டாக்டர். அக்கா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே கையை நீட்டினார்.